திரைக் கால்குலேட்டர்: டிகிரியா ரேடியனா என்று முதலில் பாருங்கள்

வேலூரில் காட்பாடி, பாகாயம் பக்கம் இன்ஜினியரிங் படித்துக்கொண்டு, மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். 2015 முதல் அந்தத் தேர்வுக்குச் சொந்தக் கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது. திரையில் இருப்பதை மவுஸால் அழுத்தித்தான் கணக்குப் போட வேண்டும். கையில் வைத்திருந்த கேசியோ கால்குலேட்டரில் ஓடிய விரல்வேகம் அங்கே செல்லாது. தனியாகப் பழக வேண்டும்.

கோணத்தை டிகிரியிலும் அளக்கலாம், ரேடியனிலும் அளக்கலாம்; கால்குலேட்டர் எதில் இருக்கிறது என்று தெரிய, திறந்ததும் 30-க்கு சைன் போடுங்கள். 0.5 வந்தால் டிகிரி. -0.988 வந்தால் ரேடியன். சில கால்குலேட்டர்கள் திறக்கும்போதே ரேடியனில் இருக்கும்.

டிகிரிக் கோணத்தை ரேடியனில் போட்டுவிடும் தப்பு ஏன் கண்ணில் படாமல் போகிறது? வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் ராஜகோபுரத்தை 40 மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம், ஏற்றக்கோணம் 38 டிகிரி, கண் உயரம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 40 × டேன் 38 + 1.5, அதாவது 32.75 மீட்டர். அதையே ரேடியனில் போட்டால் 13.91. மைனஸும் இல்லை, எர்ரரும் இல்லை, நம்பும்படியான எண். பதினாலு மீட்டர் என்றால் நாலு மாடி வீட்டு உயரம்தான். விடை வந்தவுடன் இப்படி ஒரு தடவை மனசில் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் அவசியம்.

அடுத்தது அழுத்தும் வரிசை. செல்போனில் முதலில் டேன், பிறகு 38. கேட் கால்குலேட்டரில் எண்தான் முதலில்: 38, டேன், ×, 40, +, 1.5, =. வர்க்கமூலத்துக்கும் லாகுக்கும் இதே வரிசைதான். லாக் (log, அடிமானம் 10) 100 என்றால் 2, எல்என் (ln, அடிமானம் e) 100 என்றால் 4.605, இரண்டு பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பார்த்து அழுத்துங்கள்.

எக்ஸ்ப் (Exp) பொத்தானில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ‘பெருக்கல் பத்தின் அடுக்கு’ முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. பத்தின் 5-ஆம் அடுக்கு வேண்டுமானால் 1 எக்ஸ்ப் 5. 10 எக்ஸ்ப் 5 என்று போட்டால் பத்து மடங்கு கூடி பத்து லட்சம் ஆகிவிடும். ஈ (e) என்ற மாறிலியின் அடுக்குக்கு வேறு பொத்தான்.

வகுத்தலில் கீழே இரண்டு எண் இருந்தால் அடைப்புக்குறி கட்டாயம். 50 ÷ (2 × π) என்பது 7.958. அடைப்பை விட்டால் 78.54. கீழ்ப்பகுதி நீளமாக இருந்தால் அதை முதலில் போட்டு எம்எஸ் (MS) அழுத்திக் கால்குலேட்டரின் நினைவில் வையுங்கள். பிறகு மேல்பகுதியைப் போட்டு, ÷, எம்ஆர் (MR, நினைவில் வைத்ததை எடுக்கும் பொத்தான்), =.

நடுவில் வரும் எண்ணைத் தாளில் சுருக்கி எழுதித் திரும்பப் போடவே கூடாது. டேன் 38-ஐ 0.78 என்று எழுதிக்கொண்டால் அதே கோபுரம் 32.70 மீட்டர் ஆகிவிடும். எண்ணையே விடையாகக் கேட்கும் கேள்விக்கு இரண்டு தசமம் சரியாக வேண்டுமென்றால், அந்த 5 சென்டிமீட்டரிலேயே மார்க் போய்விடும்.