பாவில் வரைந்த முகம்

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் குழித்தறியில் அப்பா, கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் நெய்து கோக்கும் கோர்வைப் புடவை நெய்யும்போது, மறுபக்கத்திலிருந்து கரைக்கான நாடாவை, அதாவது குறுக்கு நூலை ஓட்டும் கட்டையை, தள்ளிக் கொடுப்பது, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வேலையாக இருந்தது. 1850இல் தொடங்கப்பட்ட சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்ற காலம் முழுவதும் அந்தத் தறியைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. ஓவியம் தீட்டும் கித்தான் துணியில் என்னையே பலமுறை வரைந்தேன். அந்தப் படங்களில் இருந்தவள் எந்த ஊர்ப் பெண்ணாகவும் இருந்திருக்கலாம்.

கித்தானும் நெய்த துணிதான் என்பது, ஒரு நாள் அதன் ஓர இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால் நெய்வதற்கு முன்பே, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் பாவு நூல்களின் மேல் வரைந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் அக்ரிலிக் தீட்டினேன். காய்ந்ததும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்து, தறியின் சீப்பு போன்ற அச்சில் உரசி அறுந்தன. அவற்றைப் பிணைக்கவே இரண்டு நாள் ஆனது. அடுத்து, பட்டுக்குரிய அமிலச் சாயத்தைக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசையில் கலந்து தீட்டியபோது வண்ணம் பரவாமல் நின்றது. ஆனால் அந்தச் சாயம் ஆவியில் வெந்தால்தான் நிலைக்கும் என்பதால், பாவைத் தறியிலிருந்து இறக்கி, தாளுக்கிடையே சுருட்டி ஆவியில் வைத்து, அலசி உலர்த்தி, மறுபடியும் ஏற்ற வேண்டியிருந்தது. இழை வரிசை கலையாதிருக்க, சாணுக்கு ஓரிடத்தில் நூல் கட்டச் சொன்னவர் அம்மா.

அவ்வளவு கவனித்தும் ஏற்றும்போது இழைகள் முன்னும் பின்னுமாக இழுபட்டன. நெய்ய நெய்ய, கண்ணின் ஓரமும் உதட்டின் கோடும் நூலுக்கு முதலிலேயே சாயமிட்டு நெய்யும் இக்கத் துணியில் வருவதுபோலக் கலைந்து தெரிந்தன. என் முகம் கெட்டுவிட்டது என்று அழுதேன். காலையில் அப்பா தறியின் முன் வெகுநேரம் நின்றார். "எங்கம்மா ஜாடை வந்துடுச்சேம்மா" என்றார். அந்தத் தறிக்காகவே வாழ்நாளெல்லாம் நாடாவுக்குள் வைக்கும் நூல்கண்டான தாரைச் சுற்றியவர் பாட்டி. அதன்பின் ஓர் இழையையும் நான் திருத்தவில்லை.

ஒரு குழுக் கண்காட்சிக்கு விண்ணப்பித்தபோது, இதைக் கைவினைப் பிரிவில் சேர்த்துக்கொள்ளுமாறு சொன்னார்கள். சிற்பி மிருணாளினி முகர்ஜி நார்க்கயிறுகளை முடிச்சிட்டு உருவாக்கிய ஆளுயர வடிவங்களைச் சிற்பம் என்றே ஏற்றிருக்கும்போது, இது மட்டும் ஏன் ஓவியமாகாது என்று விளக்கி எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். படத்தின் கீழே 'பட்டுப் பாவில் சாயம்' என்பதோடு, நெய்தவர் என்று அப்பாவின் பெயரையும் அச்சிடச் செய்தேன்.

இப்போது இரண்டாவது படத்தைக் கோர்வைக் கரையோடு தறியில் ஏற்றியிருக்கிறோம். அப்பாவுக்குத் தோள்வலி இருப்பதால் குழியில் நான் இறங்கி நெய்கிறேன். மறுபக்கத்து நாடாவை அவர் தள்ளிக் கொடுக்கிறார்.