ஐப்பசி மழைக்குப் பின்: கிழக்குக் கடற்கரைக் காட்டுப்பூக் குறிப்புகள்

நவம்பர் 17, கோவளத்துக்குத் தெற்கே

கிழக்குக் கடற்கரையின் பூக்காலத்தை ஐப்பசி மழைதான் தொடங்கி வைக்கிறது. இக்கரைக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவதால், கோடை முழுவதும் மண்ணுக்குள் விதையாகவும் கிழங்காகவும் கிடந்தவை எல்லாம் இந்த மாதங்களில்தான் எழுகின்றன. பூக்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் முதல் நல்ல மழை பெய்து இரண்டு மூன்று வாரம் கழித்துப் புறப்படுவது நல்லது.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே சவுக்குத் தோப்புகளை ஒட்டி மணல்மேடு இன்னும் சிதையாமல் இருக்கும் ஒரு பகுதிக்கு இன்று விடியற்காலையில் சென்றேன். மேட்டின் கடல்நோக்கிய சரிவு முழுவதும் அடும்புக் கொடி பூத்திருந்தது. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த அந்தப் புனல் வடிவப் பூவின் தொண்டைப்பகுதி மட்டும் அடர்ந்த நிறமாக இருக்கும். காலையில் விரிந்து, வெயில் ஏறியபின் வாடத் தொடங்கி, பிற்பகலில் சுருண்டுவிடும். ஆகவே பத்து மணிக்கு மேல் போகிறவர்களுக்குப் பாதிக் காட்சிதான் கிடைக்கும். இலைக்காம்பின் நுனியில் இருக்கும் நுண்ணிய தேன்சுரப்பிகளை எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்ததைக் குனிந்து பார்த்தேன். பூவுக்கு வெளியேயும் தேன் வைத்திருக்கும் கொடி இது.

அடும்பு ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொள்கிறது. அதன் துணையாக நிற்கும் இராவணன் மீசைப் புல்லில் ஆண், பெண் செடிகள் தனித்தனி. பெண் செடியின் முள்முள்ளான பந்துகள் காற்றில் கரைநெடுகிலும் உருண்டு விதை பரப்புகின்றன. இவை இரண்டும் இல்லாத இடத்தில் மணல்மேடு நிலைப்பதில்லை. கரையைச் சுத்தப்படுத்துவதாகச் சொல்லி இயந்திரத்தால் சமன்படுத்தும் இடங்களில் குப்பையோடு கொடியும் போய்விடுகிறது என்பதை வருத்தத்தோடு குறித்து வைக்கிறேன். 2011, 2019 ஆகிய ஆண்டுகளின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் மணல்மேடுகளை மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில் வைத்திருக்கின்றன. அந்தப் பாதுகாப்பு கரையில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

நவம்பர் 29, வேதாரண்யம்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. வரும் வழியில் குளங்களில் நீலநிற நெய்தல் நிறைந்திருந்தது; அதற்கென்று தனியாக எங்கும் போக வேண்டியதில்லை, காலையில் பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்தாலே போதும். உப்பளங்கள் நீரில் மூழ்கிக் கிடக்கின்றன.

நவம்பர் 30, கோடியக்கரை

இந்தக் கரையில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் நான் கோடியக்கரையைத்தான் சொல்வேன். வெளிமான்களுக்காக 1967இல் அறிவிக்கப்பட்ட இச்சரணாலயத்தில் மணல்மேடு, புல்வெளி, உவர்நிலம், உலர்ந்த பசுமைமாறாக் காடு ஆகிய நான்கும் நடந்தே பார்த்துவிடக்கூடிய தொலைவுக்குள் அடுத்தடுத்து வருகின்றன. நிலம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் பூக்களும் மாறுகின்றன.

காட்டின் ஓரப் புதர்களில்தான் செங்காந்தள் ஏறியிருந்தது. தமிழ்நாட்டின் மாநில மலரான இதை நூறு முறை படத்தில் பார்த்தவர்களும் கொடியில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். மொட்டு பச்சையாகத் தலைகவிழ்ந்து தொங்குகிறது. விரியும்போது நெளிவான விளிம்புடைய ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து மேலே நிமிர்கின்றன. முதலில் அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக இருக்கும் இதழ், நாள் செல்லச்செல்ல முழுவதும் சிவந்துவிடுவதால், ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், செம்மை மூன்றையும் ஒருசேரக் காணலாம். சூல்தண்டு பூவின் அடியிலிருந்து செங்கோணமாக ஒருபக்கம் திரும்பி நிற்கிறது. இலையின் நுனியே சுருள்கம்பியாக நீண்டு பக்கத்துக் கிளையைப் பற்றிக்கொள்கிறது. ஓர் இலை இசங்கு முள்ளை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்ததைக் கண்டேன்.

செடி முழுவதும், குறிப்பாகக் கிழங்கு, கொடிய நஞ்சு. கீல்வாத மருந்தாகிய கோல்சிசின் இதன் விதையிலிருந்தும் கிழங்கிலிருந்தும் எடுக்கப்படுவதால் வேதாரண்யம் வட்டாரத்தில் பயிராகவும் வளர்க்கிறார்கள். காட்டில் இருப்பதைத் தோண்டாமல் விட்டால்தான் அடுத்த மழைக்கு அது எழும். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் கையால் தொடவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 1, கோடியக்கரை

காலையில் இராமர் பாதம் என்று வணங்கப்படும் பாதச்சுவடு இருக்கும் மணல்மேட்டுப் பக்கம் போனேன். சுற்றிலும் தாழ்ந்த இந்நிலத்தில் அதுவே உயரமான இடம். கீழே புல்வெளியில் வெளிமானின் குளம்புத்தடம் ஈர மண்ணில் பதிந்திருந்தது. அடும்பின் பிளவுபட்ட இலையை மானடிக்கு ஒப்பிட்ட சங்கப் புலவர் எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார் என்பது அத்தடத்தைப் பார்த்தவுடன் விளங்கியது.

உவர்நிலத்தில் உமரி என்னும் உப்புநிலச் செடி சிவக்கத் தொடங்கியிருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் இக்காட்டின் மரங்கள் பெருமளவு சாய்ந்தன. எஞ்சிய பாலை மரங்களுக்கு நடுவே சீமைக்கருவேலம் நுழைவதுதான் இன்றைய கவலை. அதன் நிழலும் வேரும் ஆக்கிரமித்த இடத்தில் சிறு பூண்டுகள் எதையும் நான் காணவில்லை.

ஜனவரி 11, குதிரைமொழித் தேரி

திருச்செந்தூருக்குத் தென்மேற்கே கடலுக்குச் சற்று உள்ளே செம்மணல் மேடுகளாகக் கிடக்கும் தேரிக்காட்டுக்குப் பலரும் படம் பிடிக்க வருகிறார்கள். பூப் பார்க்க வருகிறவர்கள் குறைவு. பனையும் உடைமரமும் நிற்கும் ஓரங்களில் விஷ்ணுகிராந்தி தரையோடு தரையாகப் படர்ந்திருந்தது. விரல்நகத்தின் பாதிகூட இல்லாத அந்த நீலப்பூ, சிவந்த மணலின் மேல் கிடக்கும்போது எடுப்பாகத் தெரிகிறது. சாலையோரத்தில் ஆவாரை மஞ்சளாகப் பூத்திருக்கிறது. பொங்கல் காப்புக்கட்டுக்குப் பறிக்க இனி ஆட்கள் வருவார்கள்.

மணப்பாடு செல்லும் வழியில் யானை நெருஞ்சில் பார்த்தேன். மஞ்சள் பூவும் சாம்பல் பூத்த இலையும் கொண்ட இதன் பச்சைத் தண்டால் தண்ணீரைக் கலக்கினால் தண்ணீர் கொழகொழவென்று கெட்டியாகிவிடும். ஊர்ப் பெரியவர் ஒருவர் செம்பில் செய்து காட்டி, “சூட்டுக்கு இதைவிட நல்லது கிடையாது தம்பி” என்றார்.

மார்ச் 8, கீழ்ப்புத்துப்பட்டு

புதுச்சேரிக்கு வடக்கே அய்யனார் கோயிலைச் சூழ்ந்த காட்டில் காயா மரம் பூத்துவிட்டது. பூக்கள் இலைக்கணுக்களிலும் இலை உதிர்ந்த கிளைகளிலும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வருவதால் கிளையே கருநீலமாகத் தெரிகிறது. திருமாலின் நிறத்துக்கு இதை ஏன் சொன்னார்கள் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. தெய்வத்துக்குரியது என்று கிளை ஒடிக்காமல் விட்ட ஊர்மக்களால்தான் கடலோரத்தின் பழைய காடு இந்த அளவுக்காவது மிஞ்சியிருக்கிறது.

ஏப்ரல் 20, முத்துப்பேட்டை

ஜாம்புவானோடையிலிருந்து படகில் அலையாத்திக் காட்டுக்குள் சென்றோம். மணல்மேட்டில் அடும்பு ஓய்ந்திருக்கும் இந்தக் கோடையில் கழிக்கரைச் சேற்றில் கழிமுள்ளி பூக்கிறது. மேலிதழ் இல்லாமல், அகன்ற ஒரே கீழிதழ் மட்டும் நாக்குப்போல் நீண்டிருக்கும் நீல ஊதாப் பூ அது. மகரந்தத்தைப் பெரிய வண்டுகள் முட்டித் தள்ளித்தான் எடுக்க முடிகிறது. இலை விளிம்பு முழுவதும் முள் என்பதால் படகைக் கரையோரம் மெதுவாகச் செலுத்தச் சொல்லி, உள்ளிருந்தபடியே பார்ப்பது போதும். வெயிலுக்கு முன் திரும்ப, முதல் படகிலேயே ஏறிக்கொள்ளுங்கள்.