சிரிஞ்சில் அளக்கும் மருந்து

பேரனுக்கு நாலு மாதம். இதயத்தில் ஓட்டை. ஆபரேஷனுக்கு எடை ஏறும்வரை இதயத்துக்கு வலு தரும் டிகாக்ஸினும், உடம்பில் தேங்கும் நீரை இறக்கும் ஃபுரோசமைடும்தான் துணை. சாட்ஸ்வொர்த் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் தாள் ஒட்டி, கொடுத்ததும் டிக் போடுகிறோம்.

டிகாக்ஸின் மைக்ரோகிராம் கணக்கு; கொஞ்சம் கூடினாலே விஷம். ஸ்பூன் கூடாது, சிரிஞ்சுதான். நேற்று குடித்ததும் கக்கிவிட்டான். "இன்னொரு தடவை ஊத்தும்மா" என்றார் ஆயா. மகள் அசையவில்லை. எவ்வளவு உள்ளே போனதென்று யாருக்குத் தெரியும்?

ஃபுரோசமைடு நீரை இறக்கும்போது பொட்டாசியத்தையும் இழுத்துப் போகும். அது குறைந்தால் டிகாக்ஸினின் நச்சு ஏறும். அதற்குத்தான் ரத்தப் பரிசோதனை. பிஞ்சுக் கையில் ஊசி குத்துவதைத்தான் பார்க்க முடியவில்லை.

டிகாக்ஸின் ஒரு பூச்செடியின் இலையிலிருந்து வருவது என்றேன். "அப்போ மூலிகைதானே!" ஆயாவுக்கு ஒரே பெருமை.

அப்புறம், இன்று காலை எடை 4.6 கிலோ.