குதிரை வீரர்களின் போட்டியும் கணக்குப்பிள்ளையும்

இடைக்கால ஐரோப்பிய வீரர்கள் என்றதும் நமக்கு சினிமாவில் பார்த்ததுதான் ஞாபகம் வரும், ஒரு தடுப்புக்கு இருபுறமும் ரெண்டு பேர் ஈட்டியோடு குதிரையில் பாய்ந்து வருவார்கள், மேடையில் ஒரு சீமாட்டி கைக்குட்டையோடு உட்கார்ந்திருப்பாள். 12ஆம் நூற்றாண்டில் கதை வேறு. ரெண்டு ஊர்களுக்கு நடுவே வயல், தோப்பு, தெரு எல்லாம் களம்தான், நூற்றுக்கணக்கான பேர் ரெண்டு கட்சியாக மோதுவார்கள். எதிரியைக் கொல்வது நோக்கமில்லை, பிடிப்பதுதான். பிடிபட்டவர் குதிரையையும் கவசத்தையும் இழப்பார், அல்லது பணம் கட்டி மீள்வார்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், வில்லியம் மார்ஷல் என்ற வீரரைப் பற்றி 1220களில் பழைய பிரெஞ்சில் எழுதப்பட்ட 19,000 வரிகளுக்கும் மேற்பட்ட ஒரு பாட்டு இருக்கிறது. வீரம், புகழ் என்று பாடிக்கொண்டே போகிற கவிஞர் திடீரென்று கணக்குக்கு வந்துவிடுவார். வில்லியமும் ரோஜர் என்ற இன்னொரு வீரரும் கூட்டு சேர்ந்து பத்து மாதத்தில் 103 பேரைப் பிடித்தார்களாம், எண்ணி வைத்தது இங்கிலாந்து இளவரசர் ஹென்றியின் சமையலறைக் கணக்குப்பிள்ளை! இன்னொரு இடத்தில், பரிசு கொடுக்க வில்லியமைத் தேடிப் போனால் ஆள் கொல்லன் பட்டறையில் தலையைப் பட்டடைமேல் வைத்துக்கொண்டு இருக்கிறார், அடி வாங்கி நசுங்கிய தலைக்கவசம் கழன்று வரவில்லை.

இதே காலத்துச் சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. திருச்சபை 1130இலேயே இந்தப் போட்டிகளுக்குத் தடை போட்டுவிட்டது, போட்டியில் செத்தால் பாவமன்னிப்பு உண்டு, ஆனால் கிறிஸ்தவ அடக்கம் கிடையாது. அதை யாரும் பெரிதாக மதித்த மாதிரி தெரியவில்லை, 1316இல் போப்பே தடையை நீக்கினார். ஆனாலும் அந்த பயம் உள்ளே இருந்திருக்கிறது. 1219இல் சாகக் கிடக்கும் வில்லியமிடம், பிறரிடம் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மோட்சம் இல்லை என்ற பேச்சு வருகிறது. நான் 500 வீரர்களைப் பிடித்தவன், அத்தனையையும் எங்கே போய்த் திருப்பித் தருவது, அதற்காகச் சொர்க்கம் இல்லை என்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் மனிதர். சட்டத்துக்குப் பாட்டு சொன்ன நேரடிப் பதில் இது.

ராஜாக்கள் கெட்டிக்காரர்கள். 1194இல் முதலாம் ரிச்சர்ட் இங்கிலாந்தில் ஐந்தே இடங்களில் அனுமதி கொடுத்துக் கட்டணமும் வைத்தார்: ஏர்ல் என்ற பெரிய பிரபு என்றால் 20 மார்க் (அக்காலப் பணக் கணக்கு), அதற்கு அடுத்த படியான பாரன் 10, நிலமுள்ள வீரர் 4, நிலமில்லாதவர் 2. பிரெஞ்சு வீரர்கள் அளவுக்குத் தன் ஆட்களுக்குப் பயிற்சி இல்லை என்ற கவலை அவருக்கு இருந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதுகிறார். இருக்கலாம், கஜானாவும் காலியாகத்தான் இருந்தது.

அப்புறம் இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் காலத்து 1292ஆம் ஆண்டுச் சட்டம். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஏனென்றால் என்னென்ன கூடாது என்கிறதோ அதெல்லாம் அங்கே நடந்திருக்கிறது என்று படித்துக்கொள்ளலாம். ஒருவர் மூன்று உதவியாளர்களுக்கு மேல் கூட்டி வரக்கூடாது. கூர்வாள், குத்துக்கத்தி கூடாது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கவசம் போடக்கூடாது. அவர்கள் வாள், கத்தி, தடி, கல் எதுவும் கொண்டு வரக்கூடாது. ஆமாம், கல்லும்தான்.