பந்திங்கில் இருந்தபடி கப்பல் பயணம் விற்கத் தொடங்கினேன்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் பந்திங்கில் உல்லாசக் கப்பல் பயணம் விற்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். எஸ்.கே.வி.இ. நெடுஞ்சாலையைப் பிடித்தால் கிள்ளான் துறைமுகத்தின் கப்பல் முனையம் இருக்கும் பூலாவ் இண்டாவுக்கே போய்விடலாம்.

முதலில் உரிமம். 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி, உரிமம் இல்லாமல் பயண ஏஜென்சி நடத்தக் கூடாது. சொந்தமாக எடுக்க நிறுவனமும் மூலதனமும் வேண்டும். அதனால் உரிமம் உள்ள ஓர் ஏஜென்சியில் கமிஷனுக்குச் சேர்ந்தேன். சேரும் முன் அதன் உரிமத்தைச் சுற்றுலா அமைச்சில் சரிபார்த்துக்கொண்டேன். முன்பணம் கட்டச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களை நம்பாதீர்கள்.

கப்பல் நிறுவனங்களே ஏஜென்ட்டுகளுக்கு இணையத்தில் பயிற்சி தருகின்றன. வேலை முடிந்து வந்து இரவில் படித்தேன். கேபின் வகை, கட்டண விதி எல்லாம் அதில் பிடிபட்டுவிடும்.

அதில் வராத விஷயம் நம்மவர்களின் பெயர். முதலில் வந்தவர்கள் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற தம்பதி. பணம் கட்டியது கோலாலம்பூரில் இருக்கும் மகள். பதிவுத் திரை குடும்பப் பெயரைக் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? கடப்பிதழில் இருப்பது சொந்தப் பெயர், ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), அப்பா பெயர். அந்தச் சாய்கோட்டைத் திரை ஏற்கவில்லை. எப்படிப் பதிய வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகுதான் பதிந்தேன். இன்றும் அப்படித்தான், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு வழக்கம். கையோடு கடப்பிதழின் காலாவதித் தேதியையும் பார்ப்பேன், ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

"சைவம் கிடைக்குமா தம்பி? கப்பல் ரொம்ப ஆடுமா?" என்று அந்த ஆண்ட்டி கேட்டார். சைவ உணவைப் பதிவிலேயே குறித்தேன். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் எடுத்துக் கொடுத்தேன். அங்கே ஆட்டம் குறைவு.

அப்புறம் பணம். கமிஷன் கேபின் கட்டணத்துக்கு மட்டும்தான். துறைமுகக் கட்டணத்துக்கும் வரிக்கும் கிடையாது. எனக்குக் கப்பல் புறப்பட்ட பிறகே கைக்கு வந்தது. ஆகவே பகல் வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளரிடம், கப்பலில் ஆளுக்கு நாள் கணக்கில் பிடிக்கும் சேவைக் கட்டணத்தையும் சேர்த்தே மொத்தத் தொகையைச் சொல்லுங்கள். தோட்டத்து மக்கள் சேர்த்து வைத்த காசு அது.

பள்ளி விடுமுறைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் சீக்கிரம் முடிவெடுக்கச் சொல்கிறேன். நால்வர் தங்கும் கேபின்கள் கப்பலில் குறைவு, அவைதான் முதலில் தீரும்.