கிடைக்கும் முன்னே செலுத்திய நேர்ச்சை

எங்கள் வீட்டில் நேர்ச்சைக்கு ஒரு கணக்கு உண்டு. கேட்டது கிடைத்த பிறகுதான் மலேசியாவின் பினாங்கில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்குப் போய்ச் செலுத்துவோம். மாதாவைப் பெற்ற தாய்தான் அன்னம்மாள். அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோதும் அப்படித்தான், அப்பாவின் இருதய ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தபோதும் அப்படித்தான். இந்த முறை அம்மா கணக்கை மாற்றிவிட்டார்.

தம்பி வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு. அவன் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. மாதங்கள் ஓடிவிட்டன. வீட்டுக் கடன் ஒரு பக்கம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஒரு பக்கம். "வேலை கிடைக்கட்டும்மா, அப்புறம் போகலாம்" என்றேன். "கிடைச்சாத்தான் வருவேன்னு அந்தத் தாய்கிட்ட பேரம் பேசச் சொல்றியா? திருவருகைக் காலம் முடியறதுக்குள்ள போவோம்" என்றார். அதற்குமேல் பேச்சில்லை.

2025 டிசம்பர் 14, கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. ஜார்ஜ்டவுனிலிருந்து பெர்ரியில் பட்டர்வொர்த் போய்ச் சேர்ந்தால், கம்யூட்டர் ரயில் எங்கள் கண்முன்னாலேயே கிளம்பிப் போகிறது. வெளியே வந்ததுமே ஒரு ஆள் பின்னால் ஒட்டிக்கொண்டார். "சர்ச்சா ஆன்ட்டி? நாற்பது வெள்ளி (ரிங்கிட்). மழை வருது, யோசிக்காதீங்க." கையில் மாலையும் மெழுகுவர்த்தியும் இருந்தால் விலை ஏறிவிடும் போல! அம்மா அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து செபமாலையை எடுத்துவிட்டார். அடுத்த ரயில் வருவதற்குள் இரண்டு சுற்று முடிந்திருந்தது. மழையும் வந்துவிட்டது.

ஜாலான் கூலிமில் கோயில் வளாகத்தில் இறங்கும்போது அம்மாவின் முழங்கால் வீங்கியிருந்தது. ஆனாலும் முதலில் பழைய கோயிலுக்குத்தான் போகணும் என்றார். 1888-இல் கட்டியது அது. இத்தனை பெரிய புதுக் கோயில் வந்த பிறகும் எங்கள் குடும்பத்துக்கு அதுதான் அன்னம்மாள் வீடு. கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த மலாயா அவசரகாலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தையே 'கருப்புப் பகுதி' என்று அறிவித்துவிட, திருத்தலம் கைவிடப்பட்டுக் கிடந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய பாட்டி அந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது, "சாமி அங்கேயேதான் இருந்துச்சு, நாமதான் போக முடியல" என்பார். அந்தச் சுவரைத் தொட்டுக் கும்பிட்டபோது பாட்டியின் குரல்தான் காதில் கேட்டது.

ஜூலைத் திருவிழா மாதிரிக் கூட்டமில்லை. திருவிழா நாட்களில் லட்சத்துக்கும் மேல் சனம் வரும், மெழுகு வழிந்து செருப்பே தரையில் ஒட்டிக்கொள்ளும். அது இல்லையே என்று நிம்மதிப்பட்டால், எங்கிருந்தோ ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து சுரூபத்துக்கு முன்னால் ஆளுக்கொரு போனோடு நிற்கிறார்கள். செபிப்பவர்களின் தலைக்கு மேலே கையை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். படம் எடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் ஒரு அருள்நிறை மரியேயாவது சொல்லிவிட்டு எடுக்கலாமில்லையா?

பூசை ஆங்கிலத்தில். அம்மா பதில் எல்லாம் தமிழில் சொன்னார், சத்தமாகவே. ரோஜா நிற மெழுகுவர்த்தி எரிந்தது, சாமியாரின் மேலுடையும் அதே நிறம். மகிழ்ச்சியின் ஞாயிறு. ஆனால் அன்றைய நற்செய்தியில் திருமுழுக்கு யோவான் சிறையில் கிடக்கிறார். வரப்போகிறவர் நீர்தானா, இல்லை வேறு ஒருவருக்காகக் காத்திருக்கவா என்று இயேசுவிடம் ஆள் அனுப்பிக் கேட்கிறார். யோர்தானில் அவரைச் சுட்டிக் காட்டியவரே இப்படிக் கேட்கிறார்! பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது என்று ஆண்டவரின் பதில் போகிறது. சிறைக் கதவு திறக்கும் என்ற சொல் அதில் இல்லை. திறக்கவும் இல்லை, ஏரோது தலையை வாங்கிவிட்டான். எத்தனையோ வருடம் கேட்ட வாசகம், எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சந்தேகப்பட்டுக் கேட்டவரை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. பெண்களிடம் பிறந்தவர்களில் இவரைவிடப் பெரியவர் இல்லை என்று கூட்டத்துக்கு முன்னால் புகழ்கிறார். தம்பி கோயிலுக்கே வருவதை நிறுத்திவிட்டான். அவனுக்காக அந்த இடத்தில் அழுதேன்.

பூசை முடிந்து அன்னம்மாள் முன்னால் நின்றோம். அம்மா கைப்பையிலிருந்து தம்பியின் பழைய வேலை அட்டையை எடுத்தார். அதைக் கொண்டுவந்தது எனக்கே தெரியாது. சுரூபத்தின் பாதத்தில் வைத்தார். "தாயே, நீயும் வயசாகிற வரைக்கும் பிள்ளைக்குக் காத்திருந்தவதானே. உனக்குத் தெரியாதா?" வேறெதுவும் கேட்கவில்லை. வேலை என்ற வார்த்தையையே சொல்லவில்லை. மாலையைச் சாத்தி, மெழுகுவர்த்தியை ஏற்றி, நேர்ச்சை உண்டியலில் போட வேண்டியதை முழுசாகப் போட்டார், எல்லாம் கிடைத்துவிட்டவர் மாதிரி. எனக்குப் பேச்சே வரவில்லை.

போப் பிரான்சிஸ் தொடங்கிவைத்த யூபிலி என்னும் புனித ஆண்டு அது, எதிர்நோக்கின் திருப்பயணிகள் ஆண்டு. தொடங்கியவர் ஏப்ரலிலேயே இறைவனிடம் போய்விட்டார், ஆண்டும் முடியும் தறுவாயில் இருந்தது. அதற்குள் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அம்மாவை இங்கே கூட்டிவர முடிந்ததே, அதற்கே ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். மழையில் குடை பிடித்து அம்மாவை வண்டி வரைக்கும் கொண்டுவந்து விட்ட அந்தச் சீனப் பெண்மணிக்கு நன்றி. அவரும் மெழுகுவர்த்தி ஏற்றத்தான் வந்திருந்தார். தவறவிட்ட ரயிலுக்கும் நன்றி, செபமாலை சொல்ல வைத்ததே. தம்பிக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அதற்கும் சேர்த்து நன்றி சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை, அம்மாவுக்கு வருகிறது.

திருவிழா ஜூலை 26. 2026-இல் அது ஞாயிற்றுக்கிழமையாம், அம்மா பெர்ரியிலேயே நாள்காட்டி பார்த்துவிட்டார். "தம்பியும் வருவான். கூட்டமா இருக்கும், இப்பவே அவன்கிட்ட சொல்லி வை."