அடுக்குச் செம்பருத்தி

"சார், இது இதழா, மகரந்தத்தாளா?" என்று கேட்ட மாணவியிடம், "புத்தகத்தில் இருக்கிற மாதிரியே வரைந்துவிடும்மா" என்றேன். அந்தப் பதில் தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

பூவின் பாகங்களைக் காட்டச் செம்பருத்திதான் வசதி. ஐந்து அல்லி இதழ்கள், மகரந்தத்தாள்கள் ஒன்றாக இணைந்த குழல், அதன் உள்ளே ஓடி மேலே ஐந்தாகப் பிரியும் சூல்தண்டு. எல்லாம் கண்ணுக்கே தெரியும். அன்று வந்த பூக்களில் அடுக்குச் செம்பருத்தியும் கலந்துவிட்டது. அவளுக்குக் கிடைத்தது அதில் ஒன்று. இதழ்கள் ஐந்தோடு நிற்கவில்லை. உள்ளே ஒன்று பாதி இதழாக இருந்தது, விளிம்பில் மகரந்தப்பையோடு.

அடுக்குப் பூவில் தாளாக வரவேண்டியவை இதழாகிவிடுகின்றன. அவள் பிடித்திருந்தது பாதி வழியில் நின்றுபோன ஒன்றை. இலை, இதழ், தாள் எல்லாம் ஒரே உறுப்பின் வேறு வேறு வடிவங்கள் என்று 1790இல் ஜெர்மன் கவிஞர் கெத்தே எழுதியபோது, இப்படி மாறிப்போன பூக்களும் அவருக்குச் சான்றாக இருந்தன. எந்த மரபணுக்கள் சேர்ந்தால் இதழ், எவை சேர்ந்தால் தாள் என்ற 1991ஆம் ஆண்டு விளக்கமும் உறுப்பு மாறிய பூக்களை ஆராய்ந்து வந்ததுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

வகுப்பு முழுக்கக் கையில் பிளேடு. மணி அடிக்கப் போகிறது. தேர்வில் கேட்பது ஐந்து இதழ் படம். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? நிஜப் பொருளைக் காட்டினால் ஆர்வம் வரும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். வரத்தான் செய்கிறது. வந்த ஆர்வத்தை எந்தப் பாடவேளையில் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அவள் அழகாக ஐந்து இதழ் வரைந்தாள். ரெக்கார்டு நோட்டில் அந்தப் பக்கத்தின் தலைப்பு 'உற்றுநோக்கல்'. கீழே கையெழுத்துப் போட்டவன் நான். என்னை உறுத்துவது பதிலைவிட இந்தக் கையெழுத்துதான்.

இப்போதெல்லாம் வகுப்புக்கு முன்பே அடுக்குப் பூக்களைப் பொறுக்கி எடுத்துவிடுகிறேன். ஐந்து என்று முதலில் தெரிந்தால்தானே ஆறாவது விநோதமாகப் படும்? அவளும் புத்தகத்தைப் படித்திருந்ததால்தான் கேட்டாள். நியாயமான வாதம்தான். அந்த வாதப்படி, ஐந்தைப் புரிந்துகொண்டவர்களுக்கு அடுத்த வகுப்பிலாவது அடுக்குப் பூவைக் கொடுக்க வேண்டும். அடுத்த வகுப்பில் மகரந்தச் சேர்க்கை தொடங்கிவிடுகிறது.